எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார்கள்

1

என் மனைவி கோகிலா இறந்த இரண்டாம் வருடத் திதி ஒரு புதன்கிழமையில் வந்தது. அன்றைக்கு நான் படையல் போடவில்லை. நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் சிறிய ஊரில், வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதற்குள் கம்பளி விரிப்பின்மேல் வெறுங்காலோடு உட்கார்ந்து, ஒரு வெள்ளைக்கார அம்மா பித்தளைக் கிண்ணத்தைக் கட்டையால் தேய்ப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் நிலா அழைத்துப் போயிருந்தாள். எட்டு மாதமாக அவள் புதன்தோறும் அங்கே போகிறாள். இருபத்திரண்டு வயது. வேறு எந்த இடத்துக்கும் இவ்வளவு ஒழுங்காகப் போனவள் இல்லை.

தியான வட்டத்தை நடத்தும் அந்த அம்மாவின் பெயர் மரைக்கே. முன்பு வங்கியில் வேலை பார்த்தவராம். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் நெஞ்சுக்கு நடுவே ஓம் அச்சிட்டிருந்தது. நான் ஓமைப் பார்க்கவில்லை. பக்கத் தையல் திருகிக்கொண்டு வயிற்றுக்கு வந்திருந்ததைத்தான் பார்த்தேன். நம் திருப்பூர்ச் சரக்காகத்தான் இருக்கும், எந்தக் கம்பெனியோ அவசரத்தில் அனுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடம் பனியன் துணியோடு பழகியவனுக்குத் தியானத்தில் கிடைக்கிற தரிசனம் இவ்வளவுதான்.

கிண்ணம் ஓய்ந்ததும் மரைக்கே ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "இப்போது உடம்பில் எங்கே வலிக்கிறது?"

ஒருவர் தொண்டை என்றார். ஒரு பெண் வயிறு என்று சொல்லிவிட்டு அழுதாள். யாரும் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை, அடக்கவும் இல்லை. என் முறை வந்தது. யோசித்துப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"எங்கேயும் இல்லை."

பக்கத்தில் இருந்த தாடிக்காரர் எனக்குக் கைகூப்பினார். மரைக்கே கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினார். இந்தியாவிலிருந்து வந்தவர், மனைவி இறந்த நாளிலும் வலியைக் கடந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். முடிந்ததும் இரண்டு பேர் என்னிடம் எத்தனை வருடப் பயிற்சி என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. நிலா மட்டும் என்னை முறைத்துப் பார்த்தபடி காலணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், அது ஞானம் இல்லை, மரத்துப் போனது என்று.

2

என் அன்றாடத்தைச் சொல்லிவிடுகிறேன். துணி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் தரப் பரிசோதனை என் வேலை. திருப்பூரிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பெட்டிகள் வரும். பத்துப் பெட்டிக்கு ஒன்றைப் பிரித்து, அளவு நாடா வைத்து, தையலை இழுத்துப் பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் அல்லது ஹோல்ட் என்று எழுதுவேன். நான்கு மணிக்குச் சைக்கிளில் கிளம்பினால் நாலரைக்கு வீடு. அரிசி வைப்பேன். நிலா சாப்பிடும் நாளில் இரண்டு தம்ளர் அரிசி, சாப்பிடாத நாளிலும் பழக்கத்தில் இரண்டு தம்ளர்.

இங்கே வந்த புதிதில் டச்சு மொழியில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நம் ஊர்க்காரர்கள் சொல்வதுபோல "இருக்கறனுங்க" என்பதை அப்படியே மொழிபெயர்த்துவிடுவேன். "நான் இருக்கிறேன்." பக்கத்து வீட்டுக்காரர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். அப்புறம் கோகிலா வந்து இரண்டே வருடத்தில் என்னைவிட நன்றாக டச்சு பேசி, "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க, அது போதும்" என்று திருத்தினாள். அவள் போனபிறகு பழைய வாக்கியத்துக்கே திரும்பிவிட்டேன்.

அவள் ஒரு சனிக்கிழமை காலை குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது. அடுத்த மூன்று மாதம் எனக்கு வேலை இருந்தது. நகராட்சிக்கு ஒரு படிவம், காப்பீட்டுக்கு ஒன்று, வீட்டு ஒப்பந்தத்தில் அவள் பெயரை எடுக்க ஒன்று. ஒரு படிவத்தில், "இறந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு இன்னும் தொடர்கிறதா" என்று ஒரு கட்டம் இருந்தது. வாடகைக்கான கேள்விதான் அது. இல்லை என்று டிக் செய்தேன். எல்லாப் படிவத்தையும் பிழையில்லாமல் நிரப்பினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஒரு வருடம் கழிந்தும் நிலா இரவும் பகலும் தூங்காமல் இருந்ததைக் கண்டு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நல்ல மனிதர். பத்து நிமிடம் கேட்டார், மனநல ஆலோசகருக்குச் சீட்டு எழுதினார். ஆலோசகர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரிசையில் பெயரைச் சேர்த்துவிட்டோம், ஐந்து மாதம் ஆகலாம், நிலைமை மோசமானால் இந்த எண்ணில் அழைக்கவும். அந்த எண்ணில் அழைத்தால் இசை ஓடும். அந்த வாரம்தான் நிலா மளிகைக்கடை அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டைப் பார்த்தாள். 'துயரத்துடன் இருப்பவர்களுக்கு. புதன் மாலை ஏழு மணி. பதிவு வேண்டாம்.'

பதிவு வேண்டாம் என்ற இரண்டு வார்த்தையிலேயே பாதி ஆன்மிகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

3

அவளுக்கு நம் வழியைக் காட்டவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினேன். முதல் வருடத் தலைத்திவசத்துக்குத் திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போனேன். கோகிலாவின் அண்ணன் சண்முகம் அவிநாசி சாலைப் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் வீட்டில்தான் ஏற்பாடு. ஐயர் வந்தார், பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார், முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினார். இலை போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் பொண்ணுக்கு வயசு என்னாச்சுங்க, இடம் பாக்கறீங்களா என்று கேட்டார்கள். நிலா பாயச டம்ளரோடு மூலையில் நின்றாள். உங்கம்மா எப்படிப்பட்டவள் என்று அவளிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள்தானே எல்லாரும், கேட்க என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

மறுநாள் சண்முகம் மச்சானின் கம்பெனிக்குப் போனேன். அலுவலக அறையில் முருகன் படம் பழைய இடத்திலேயே இருந்தது. எதிர்ச் சுவரில் புதிதாக ஒன்று. 'பிரபஞ்சத்துக்கு நன்றி' என்று லேமினேஷன் செய்து மாட்டியிருந்தார். மேசைமேல் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர், அதன்மேல் 'அமைதி' என்று ஸ்டிக்கர். தண்ணீருக்கு எழுத்துப் புரியுமாம். என் முகத்தைப் பார்த்ததும் மச்சானுக்குப் புரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்க மாப்ள" என்றார். "ஞாயித்துக்கிழமை ஓட்டல் ஹால்ல க்ளாஸ் நடக்குதுங்க. ஆறு மாசமா போறேன்."

"முருகன் என்னங்க மச்சான் பண்ணுனாரு? அவர உட்டுட்டீங்களா?"

"அவரு எங்கீங்க போவாரு, அவரு அங்கயேதான் இருக்கறாரு. கிருத்திகைக்குப் போறனுங்க, கியூல நிக்கறனுங்க, கும்புட்டுட்டு வர்றனுங்க. ஆனா பாருங்க, போன வருசம் ஆர்டர் எல்லாம் நின்னு பாதி மிசினு சும்மா கெடந்துச்சு. தங்கச்சியும் போயிட்டா. எனக்குத் தூக்கமே இல்லீங்க. யாருகிட்டப் போய்ச் சொல்றது? மொதலாளி தூங்கலைன்னு தெரிஞ்சா டைலருங்க வேற கம்பெனி பாத்துக்குவாங்க. அந்த க்ளாஸ்ல ஒரு அம்மா மொத நாளே கேட்டாங்க, 'தூக்கம் வருதுங்களா'ன்னு. எம்பட ஊட்ல கூட அதக் கேட்டதில்லீங்க."

சொல்லிவிட்டுப் பாட்டில் தண்ணீரைக் குடித்தார். எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஆற்றுத் தண்ணீர் ருசிதான் இருந்தது.

அங்கே செக்கிங் பிரிவில் பாண்டியம்மாள் என்றொரு பெண். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிறாள். அவள் மேசை ஓரத்தில் சிலுவை ஒன்றும், ஏதோ ஒரு தியான மையத்தின் ஜோதிப் படமும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. பழைய தொழில் தோஷம், எதைப் பார்த்தாலும் விசாரிப்பேன். எது உன் சாமி என்று கேட்டேன்.

"எங்க கொலசாமி ஊர்ல கெடக்கு சார். நான் இங்கன கெடக்கேன்" என்றாள், கையில் இருந்த துணியை விடாமலே. "ஒன்றர ஷிப்ட் பாத்துட்டு எப்ப ஊருக்குப் போக? வெள்ளிக்கெழம செபத்துக்குக் கூப்பிட்டாக, போனேன். ஞாயித்துக்கெழம தியானத்துக்குக் கூப்பிட்டாக, அதுக்கும் போனேன். கூப்பிட்டா போறதுதான? நீ எந்த ஊரு, என்ன ஆளுகன்னு ரெண்டு எடத்துலயும் கேக்கல. நடுவுல ஏதாச்சும் ஒரு சாமி வேணும்ல சார்."

நவீன காலத்தில் இந்தப் புதுவகை ஆன்மிகம் ஏன் இப்படிப் பெருகுகிறது என்று பெரியவர்கள் எழுதுகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். தனிமை என்பார்கள், வேகம் என்பார்கள், வியாபாரம் என்பார்கள். எல்லாம் சரிதான். வியாபாரமும் உண்டு, மச்சானின் தண்ணீர்ப் பாட்டில் சும்மா வரவில்லை. ஆனால் என் கண்ணில் பட்ட மூன்று பேரும் ஏமாந்து போனவர்கள் இல்லை. குலசாமியை விட்டுத் தூரத்தில் வேலை கிடைத்துவிட்டது. சொந்தக்காரர்கள் விசாரிப்பதை நிறுத்திவிட்டு விருந்து மட்டும் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, தூக்கம் வருகிறதா, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். போகாமல் என்ன செய்வார்கள்?

4

இரண்டாம் திதி முடிந்த வார இறுதியில் நிலா சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டாள். போர்ச்சுகல் நாட்டில், மலைக்குள் ஒரு பண்ணை. மரைக்கேவுக்குத் தெரிந்தவர்கள் நடத்துவது. காலையில் தோட்ட வேலை, மாலையில் மௌனம். ஒரு வருடம் இருக்க வேண்டும். கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மாதத்துக்கு ஒருமுறை பேசலாம். படிப்பை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதமும் கொடுத்துவிட்டாள்.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். "உன் இஷ்டம் கண்ணு" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் டச்சிலும், என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் தமிழிலும் பேசுவாள். அவள் தமிழ் முழுக்கக் கோகிலாவின் தமிழ். பூனைக்குக்கூட 'ங்க' போடுவாள். அன்றைக்கு டச்சில் ஆரம்பித்தாள்.

"நான் முடியை வெட்டினபோது உன் இஷ்டம். பாடத்தை மாற்றினபோது உன் இஷ்டம். அம்மாவின் துணிகளை என்ன செய்யட்டும் என்று கேட்டேன், அதற்கும் உன் இஷ்டம். உங்களுக்கு இஷ்டம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?"

அந்த இஷ்டத்தை உள்ளே தேடினேன், கிடைக்கவில்லை. இந்தப் பெண்ணும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்தான் என்று தெரிந்தது. ஆனால் அது அடுத்த வாரம் மழை வரும் என்பதுபோலத்தான் தெரிந்தது.

பிறகு அவள் தமிழுக்கு வந்தாள். "அம்மா சொல்லுவாங்களே, ஊர்ல பூக் கேக்கறதுன்னு. எனக்குக் கேட்டுச் சொல்லுங்கப்பா. சாமி வேண்டாம்னா நான் போகலீங்க."

5

பூக் கேட்பது தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பெண் எடுக்க, நிலம் வாங்க, ஊரைவிட்டுப் போக, எதற்கும் முதலில் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகத் தாளில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் வேண்டாம்.

இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் எனக்கும் கேட்டார்கள். அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வேலை வந்ததும் அம்மா எங்கள் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய்ப் பூக் கேட்டாள். வெள்ளை வந்தது. அம்மா, "உத்தரவாயிருச்சு, போய்ட்டு வா சாமி" என்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பெல்ட்ட கழட்டச் சொல்லுவாங்களாம், பேன்ட்ட புடிச்சுக்க."

நான் போவது அவருக்கு ஒன்றும் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறினேன். அந்த நினைப்பு பல வருடம் இருந்தது. அப்பா இறந்து காரியம் முடிந்த அன்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் பூக் கேட்டமே, உங்கப்பா செவப்பு வரோணும்னு வேண்டிக்கிட்டாரு கண்ணு. வெள்ள வந்ததும் கோயிலுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லம்மா?"

"சாமி சொன்ன பொறவு அவரு என்னத்தச் சொல்றது?"

என் அப்பா வாயால் சொல்ல முடியாததைப் பூ சொல்லட்டும் என்று விட்டிருந்தார். அங்கே அப்படி விட முடிந்தது. ஆண்கள் பேச வேண்டியதில்லை, அவர்களுக்குப் பதில் பூ பேசும், பல்லி பேசும், ஆடிவரும் பூசாரி பேசுவார். நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது அதையெல்லாம் மூடநம்பிக்கை என்று விமானம் ஏறுமுன்பே கழற்றிப் போட்டுவிட்டோம். அந்த வாய்மூடித்தனத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தோம். பேசாத அப்பன் வீட்டில், பேசுகிற பூவும் இல்லாமல் என் மகள் வளர்ந்தாள். அவள் பித்தளைக் கிண்ணத்தைத் தேடிப் போனதில் என்ன ஆச்சரியம்?

6

வீட்டில் பூ இல்லை. அது பிப்ரவரி மாதம், கடையும் அடைத்திருந்தது. என் வேலைப் பையில் நிறம் ஒப்பிடும் அட்டை இருந்தது. எல்லா நிறத்திலும் சின்னச் சின்னப் பனியன் துணித் துண்டுகள் ஒட்டியிருக்கும். அதில் வெள்ளை ஒன்றையும் சிவப்பு ஒன்றையும் உரித்தெடுத்தேன். நகராட்சியிலிருந்து வந்த ஒரு கடிதத்தை இரண்டாகக் கிழித்து, இரண்டையும் ஒரே அளவில் மடித்தேன். மடிப்பதில் மட்டும் எனக்கு யாரும் குறை சொல்ல முடியாது. கையில் குலுக்கி, கோகிலாவின் படத்துக்கு முன்னால் போட்டேன். எது எதில் என்று எனக்கே தெரியாது.

வீட்டில் சாமி படம் இல்லை. அவள் படம்தான் இருந்தது.

நிலா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

"போகச் சொல்லுது" என்றேன். என் குரல் பரிசோதனை அறிக்கையைப் படிப்பதுபோல எனக்கே கேட்டது.

அவள் சந்தோஷப்படவில்லை. துணித் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சாமி சொல்லியாச்சு. நீங்க என்ன சொல்றீங்கப்பா?"

உன் இஷ்டம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அப்பா ஞாபகம் வந்தது. கோயிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட அப்பா. எனக்கு இந்த வீட்டில் போய் நிற்கப் பின்பக்கம் இல்லை, அடுக்குமாடி. மேசையில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தேன். பிரிக்கவில்லை. அதற்குள் இருப்பது சிவப்புத்தான் என்று இருவருக்கும் தெரியும். அவள் கையில் வைத்தேன்.

"இது யாருதுங்கப்பா?"

"என்னுது கண்ணு. போக வேண்டாம். நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்கு."

அவள் அழுதாள். நான் அழவில்லை, இன்னும் வரவில்லை. ஆனால் இடது விலா எலும்புக்குக் கீழே ஏதோ இறுக்கிப் பிடித்தது. மூச்சை விட்டால் வலித்தது. மாரடைப்போ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

"ரெண்டு வருசமா இதத்தானுங்கப்பா கேட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் போகாமல் இருந்துவிட்டாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். மார்ச் மாதம் போனாள். வருடம் என்பதை ஆறு மாதமாகக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் நான் இன்னொரு முறையும் போக வேண்டாம் என்று சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில். அவள் சிரித்துக்கொண்டே வெள்ளைத் துண்டை என் சட்டைப் பையில் வைத்தாள். "சாமியோடது உங்ககிட்ட இருக்கட்டுங்க. உங்களுத நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

அந்த வாரம் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு நான் தனியாகத் தேவாலயத்துக்குப் போனேன். தாடிக்காரர் மறுபடி கைகூப்பினார். கிண்ணம் ஒலித்து ஓய்ந்தது. மரைக்கே வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு கேட்டார்.

"இங்கே" என்று கையை வைத்துக் காட்டினேன்.